பயணத்தில் ஒரு நாள், ஓவியங்களோடு தனியாக

பயணத்தின்போது தனியாகக் கலை அருங்காட்சியகம் போவதைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து, பெயர்களை விட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அலுவலக வேலையாக வெளிநாடு போகிறேன். கடைசியில் ஒரு நாள் சும்மா கிடைக்கிறது. கூட வருபவர்கள் எல்லோரும் ஷாப்பிங் போகிறார்கள். எனக்கு அந்த ஊரில் இருக்கும் பெரிய ஓவிய மியூசியத்துக்குப் போக ஆசை. ஆனால் ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது, துணைக்கும் ஆள் இல்லை. ஒரு நாள் முழுக்கத் தனியாக அங்கே என்ன செய்வது?

பதில்: போங்கள், தாராளமாகப் போங்கள். தனியாகப் போக வாய்த்ததே உங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். கூட ஒருவர் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நம் மனசில் பாதி அவர் பக்கம்தான் இருக்கும். அவருக்குப் பசிக்கிறதோ, கால் வலிக்கிறதோ, 'இந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, இவ்வளவு நேரம் நிற்கிறாரே' என்று நினைக்கிறாரோ என்று. அவர் நகர்ந்தால் நாமும் நகர்வோம். பிடித்த படத்தின் முன் கால் மணி நேரம் நிற்கவும், பிடிக்காத கூடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகவும் தனியாக வந்தவரால்தான் முடியும்.

2009-ல் சுவிட்சர்லாந்தில் செயின்ட் காலன் நகரின் கலை அருங்காட்சியகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. வருபவர்கள் கையில் ஒரு மின்னணுக் கையுறையை மாட்டிவிட்டு, எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், இதயத் துடிப்பு எப்படி மாறுகிறது என்றெல்லாம் பதிவு செய்தார்கள். தனியாக வந்தவர்கள் படைப்புகளோடு ஆழமாக ஒன்றியதும், பேசிக்கொண்டே சுற்றியவர்களுக்கு அது குறைந்துபோனதும் அதில் தெரிந்தது. நமக்கு இதைச் சொல்லக் கையுறை தேவையில்லைதான், இருந்தாலும் யாராவது 'தனியாகவா போகிறாய்?' என்று இழுத்தால் சொல்லிக்கொள்ள உதவும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1885 அக்டோபரில் ஓவியர் வின்சென்ட் வான் கோ ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்துக்குப் போனார். அந்தக் கட்டடம் அப்போதுதான், அதே ஆண்டு ஜூலையில் திறந்திருந்தது. கூட வந்தவர் அன்டன் கெர்செமேக்கர்ஸ் என்ற நண்பர். ரெம்பிராண்டின் 'யூத மணப்பெண்' ஓவியத்தைப் பார்த்ததும் வான் கோ அங்கேயே உட்கார்ந்துவிட்டார், நீங்கள் போய் மற்றதையெல்லாம் பாருங்கள் என்று நண்பரை அனுப்பிவிட்டார். நண்பர் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் திரும்பினால் ஆள் அதே இடத்தில். காய்ந்த ரொட்டித் துண்டை மட்டும் கொடுத்து இரண்டு வாரம் இந்தப் படத்தின் முன் உட்காரவிட்டால் என் ஆயுளில் பத்து வருஷத்தைத் தருவேன் என்று சொன்னாராம். துணைக்கு வந்தவரையே அனுப்பிவிட்டுத்தான் அவர் அந்தப் படத்தைப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். ஓவியம் இன்றும் அதே மியூசியத்தில் இருக்கிறது. போகிறவர்கள் படத்தில் மணப்பெண்ணோடு நிற்கும் ஆணின் சட்டைக் கையைச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பொன் நிறச் சாயம் அப்பி அப்பி, மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். அச்சிட்ட படத்தில் இது வரவே வராது.

ஓவியம் தெரியாது என்ற தயக்கத்தை விடுங்கள். தனியாக நிற்பதை யாரும் ஒரு மாதிரி பார்க்கவும் மாட்டார்கள். எந்த மியூசியத்திலும் தனியாக வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

கேள்வி: அவ்வளவு காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டு நாலு கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு வர மனசு வரவில்லை. எல்லாவற்றையும் பார்க்க ஏதாவது வழி உண்டா?

பதில்: இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்களேன். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருப்பவை மட்டும் சுமார் 35,000. ஒன்றுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் 290 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காலை 9 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும் இடத்தில், நடக்கும் நேரம், சாப்பிடும் நேரம் எதையும் சேர்க்காமல், ஒரு மாதத்தைத் தாண்டுகிறது. ஆகவே எதை விடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், அதை நீங்களே முடிவு செய்தால் நல்லது, கால் வலி முடிவு செய்ய வேண்டாம்.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். முதல் நாள் இரவே மியூசியத்தின் வரைபடத்தை இணையத்தில் பார்த்து இரண்டு மூன்று பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் திறக்கும்போதே போய்விடுங்கள். உள்ளே நுழைந்ததும் வாசலுக்குப் பக்கத்துக் கூடத்தில் நிற்காமல், குறித்து வைத்ததில் தொலைவில் இருக்கும் கூடத்துக்கு நேராக நடந்துவிடுங்கள், அங்கே முதல் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருக்கும். 1930-களில் ஆர்தர் மெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், கூடத்துக்குள் நுழையும் பார்வையாளர்களில் பெரும்பாலோர் வலப்பக்கமே திரும்புகிறார்கள் என்று கண்டறிந்தார். நீங்கள் இடப்பக்கம் திரும்புங்கள்.

அப்புறம், புகழ்பெற்ற ஒன்றைப் பார்க்கப் போனால் அதைச் சுற்றி இருப்பதையும் பாருங்கள். மோனாலிசா 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள ஒரு மரப்பலகை. அதன் முன் கூட்டம் முண்டியடிக்கும். அதே கூடத்தில், அந்தக் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால், எதிர்ச்சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு வெரோனேசே என்ற இத்தாலிய ஓவியரின் 'கானாவூர்த் திருமணம்' தொங்குகிறது. 1563-ல் முடித்தது, கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவரில் இருக்கும் ஓவியங்களிலேயே பெரியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள், இசைக் கலைஞர்கள், நாய்கள், பைபிள் கதையில் தண்ணீர் திராட்சை மதுவாக மாறிய ஜாடிகள் என்று ஒரு பெரிய விருந்தே நடந்துகொண்டிருக்கிறது, மோனாலிசாவைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியேறுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

விடுமுறை நாளை மறக்காமல் பாருங்கள். லூவருக்குச் செவ்வாய், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குப் புதன், ஃப்ளாரன்ஸ் உஃபிட்சி மியூசியத்துக்குத் திங்கள். உங்களிடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அது மூடியிருக்கும் நாளாகப் போய்விடக் கூடாது. வாரத்தில் ஓரிரு நாள் இரவு வரை திறந்து வைக்கும் இடங்களும் உண்டு, அந்த மாலைகளில் கூட்டம் வடிந்துவிடும். நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஓவியத்தின் முன் போய் நிற்கிறேன். அழகாக இருக்கிறது. அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் பத்து விநாடியில் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். மற்றவர்கள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

பதில்: மற்றவர்களும் பெரும்பாலும் உங்களைப் போலத்தான். மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் எடுத்து 2001-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பெரிய பெரிய ஓவியர்களின் படைப்புகள் முன்புகூட மக்கள் சராசரியாக நின்ற நேரம் 27 விநாடி. அதிலும் பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். விளக்கப் பலகையைப் படிப்பதும் அந்த நேரத்துக்குள்தான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு சொல்லித்தரும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் 3 மணி நேரம் உட்காரச் சொல்கிறார். அவரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், ஜான் சிங்கிள்டன் கோப்ளி 1765-ல் வரைந்த ஒரு படத்தின் முன், ஒரு பையனும் அவன் வளர்க்கும் பறக்கும் அணிலும் இருக்கும் படம். பையனின் காது மடல் எந்த வடிவத்தில் வளைகிறதோ அதே வடிவத்தில்தான் அணிலின் வயிற்று ரோமமும் வளைகிறது என்பது கண்ணில் பட அவருக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்றாம். இத்தனைக்கும் கலை வரலாறே அவர் தொழில். காது கண்ணெதிரேதான் இருந்தது, முதல் நிமிடத்திலும் அது அங்கேதான் இருந்தது.

உங்களை 3 மணி நேரம் உட்காரச் சொல்லவில்லை. நாள் முழுக்க இருக்கப் போகிறீர்கள், அதில் ஒரே ஒரு படத்துக்கு இருபது நிமிடம் கொடுங்கள். எந்தப் படம் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம், தாண்டிப் போன பிறகும் திரும்பிப் பார்க்க வைத்தது எதுவோ அது. எதிரில் பெஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது. பலகையை முதலில் படிக்காதீர்கள். படித்துவிட்டால் அதில் சொன்னதை மட்டும் தேடிக் கண்டுபிடித்துவிட்டு முடிந்தது என்று கிளம்பிவிடுவோம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், கைகள் என்ன செய்கின்றன, எந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது, இப்படி உங்களுக்குத் தோன்றியதைப் பாருங்கள். மூன்றாவது நான்காவது நிமிடத்தில் அலுக்கும். அங்கேதான் எல்லோரும் எழுந்து போகிறார்கள், நீங்கள் போகாதீர்கள், அந்த அலுப்பைத் தாண்டிய பிறகுதான் கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ரைக்ஸ்மியூசியத்தில் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' இருக்கிறது, 1660 வாக்கில் வரைந்தது, 45.5-க்கு 41 செ.மீ. அவ்வளவுதான் அளவு. முதலில் பாலும் அந்த மஞ்சள் ரவிக்கையும் நீல உடுப்பும்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மேஜையில் இருக்கும் ரொட்டியின் மேல் சின்னச் சின்னப் புள்ளியாக ஒளி வைத்திருப்பது தெரியும். அப்புறம் அந்த வெள்ளைச் சுவர். ஒன்றுமே இல்லாத சுவர் என்று நினைத்திருப்போம். அதில் ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டைகள் இருக்கின்றன, பிடுங்காமல் விட்ட ஓர் ஆணி இருக்கிறது, அந்த ஆணிக்கு ஒரு நிழலும் இருக்கிறது. இடப்பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடிச் சில் உடைந்திருக்கிறது. ஒரு ஆணியின் நிழலுக்காக ஒரு மனிதர் தூரிகையை எடுத்து, சாயம் கலந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்திருக்கிறார், முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஆணி அங்கேயே இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், நின்றால் போதும்.

நிற்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். லண்டன் நேஷனல் கேலரியில் ஹோல்பைன் 1533-ல் வரைந்த 'தூதர்கள்' படத்தில், இரண்டு பேர் காலடியில் கோணல்மாணலாக ஏதோ ஒன்று நீண்டு கிடக்கும். படத்தின் வலது ஓரத்துக்குப் போய் அங்கிருந்து சாய்வாகப் பார்த்தால் அது ஒரு மண்டையோடு. கிட்டே போவது சரி, கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். விரலை நீட்டிக் காட்டினாலே எச்சரிக்கை மணி அடிக்கும் கூடங்கள் இருக்கின்றன, காவலருக்கும் அது பதற்றம்.

கேள்வி: எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பேன். மியூசியத்தில் மட்டும் இரண்டு மணி நேரத்தில் முதுகும் காலும் விட்டுப்போகிறது, தலை வேறு கனக்கிறது. எனக்கு மட்டுமா?

பதில்: இல்லவே இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதி, 'அருங்காட்சியகச் சோர்வு' என்று பெயரும் வைத்துவிட்டார். ஒரு ஆளை நிறுத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிய வேண்டியிருக்கிறது, வளைய வேண்டியிருக்கிறது என்று வரிசையாகப் படம் எடுத்துப் போட்டார். குறை காட்சிக்கு வைக்கும் முறையில் என்று சொல்வதற்காகத்தான் அதை எழுதினார். நேராக நடப்பதைவிட நின்று நின்று நடப்பது கஷ்டம், தரையோ கல்லும் மரமும், கழுத்து மேலும் கீழும் போய் வருகிறது, போதாக்குறைக்கு நிற்கலாமா போகலாமா என்று மனசு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முடிவு எடுத்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே வலி வரும்வரை காத்திருக்காமல், முக்கால் மணிக்கு ஒரு முறை உட்கார்ந்துவிடுங்கள். பையை நுழைவாயிலில் இருக்கும் லாக்கரில் வைத்துவிடுங்கள், முதுகுப் பையை எப்படியும் பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். பழகிய செருப்போ ஷூவோ போட்டுப் போங்கள், புதுசு வேண்டாம். கூடங்கள் குளிராக இருக்கும், மேலே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய ஆடை வேண்டும். பசி எடுக்கும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள், பகல் பன்னிரண்டரைக்கு மேல் உள்ளே இருக்கும் கஃபேயில் இடம் கிடைக்காது. ஒரு முறை வெளியே போனால் அதே டிக்கெட்டில் திரும்ப விடுவார்களா என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடுவார்கள் என்றால் மதியம் வெளியே போய் ஒரு மணி நேரம் வெயிலும் மரமும் பார்த்துவிட்டு வருவதைப் போல நல்லது வேறில்லை.

கேள்வி: ஓவியத்தின் எண்ணை அழுத்தினால் காதில் விளக்கம் சொல்லும் ஆடியோ கைடு எடுக்கலாமா?

பதில்: எடுங்கள், ஆனால் மதியத்துக்கு மேல். காலையில் கண் மட்டும் போதும். கேட்கும்போதும் எல்லா எண்ணையும் அழுத்தாமல், காலையில் உங்களுக்குப் பிடித்துப்போன படங்களுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சில கூடங்களில் ஒரே இருட்டு. வெளியூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்து பார்ப்பவர்களுக்கு விளக்குகூடச் சரியாகப் போடக் கூடாதா?

பதில்: அது வேண்டுமென்றே செய்வது. காகிதத்தில் வரைந்தவை, நீர்வண்ண ஓவியங்கள், துணிகள் எல்லாம் வெளிச்சம் பட்டுப் பட்டே வெளுத்துப்போகும், வெளுத்தது திரும்பாது. அதனால் அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் விளக்கு வைப்பது வழக்கம், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு வரை தாங்கும். பல ஓவியங்களைச் சில மாதம் காட்டிவிட்டு உள்ளே எடுத்துப் பூட்டிவிடுவதும் இதற்காகத்தான். உள்ளே நுழைந்ததும் செல்போன் திரையைப் பார்க்காமல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும்.

கேள்வி: போட்டோ எடுத்தால் மனசில் நிற்காது என்கிறார்களே, உண்மையா? தனியாகப் போகிறவளுக்குப் போட்டோவாவது மிச்சம் என்று இருந்தேன்.

பதில்: ஓரளவு உண்மைதான். அமெரிக்காவில் லிண்டா ஹெங்கல் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு பல்கலைக்கழக மியூசியத்தில் சோதித்து 2014-ல் வெளியிட்டார். முழுசாகப் போட்டோ எடுத்த பொருட்களை, வெறுமனே பார்த்த பொருட்களைவிட மறுநாள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை மட்டும் கிட்டே இழுத்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. எனவே போட்டோவை விட வேண்டாம், முதலில் பாருங்கள், பார்த்து முடித்த பிறகு உங்களைப் பிடித்து நிறுத்திய அந்த ஒரு விரலையோ துணி மடிப்பையோ எடுங்கள். முழுப் படம் மியூசியத்தின் இணையதளத்திலேயே உங்கள் போனைவிடத் தெளிவாக இருக்கும். ஃப்ளாஷ் எங்குமே கூடாது. மாட்ரிட் பிராடோ மியூசியத்தில் கூடங்களுக்குள் போட்டோவே எடுக்கக் கூடாது, போய்ப் பார்த்தவர்கள் அந்த நிம்மதியைப் பற்றித்தான் முதலில் சொல்கிறார்கள்.

கேள்வி: சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போன பயணத்தில் ஒரு ஓவியத்தின் முன் நின்றபோது அழுகை வந்துவிட்டது. சோகமான படம்கூட இல்லை, ஒரு கிழவியின் முகம், அவ்வளவுதான். தனியாக இருந்ததால் இப்படி ஆகிறதா?

பதில்: தனியாக இருந்ததால் அடக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருக்கும். கூட ஆள் இருந்திருந்தால் ஏதாவது பேசி அதைத் தாண்டியிருப்பீர்கள், அந்த முகத்தையும் தாண்டியிருப்பீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெண்டால் 1817-ல் ஃப்ளாரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சு படபடத்து, விழுந்துவிடுவோமோ என்று பயந்தபடி நடந்ததாக எழுதியிருக்கிறார். உங்களுக்கு வந்தது அவ்வளவு தூரம்கூட இல்லை. கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை, எனக்கு உங்கள் கடிதம் மிகவும் பிடித்திருந்தது. யார் நினைவு வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த ஊருக்கு மறுபடி போகும் வாய்ப்பு வந்தால் நேராக அந்தக் கூடத்துக்கே போங்கள். அந்தப் படம் கடனாக வேறு மியூசியத்துக்குப் போயிருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் போடுவார்கள்.

கேள்வி: திரும்பி வந்த பிறகு 'என்ன பார்த்தே?' என்று கேட்டால் ஒன்றும் சொல்ல வரவில்லை. பெயர்கூட மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த படத்தின் பலகையில் ஓவியர் பெயர், ஆண்டு இதெல்லாம் போக, கீழே பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல மியூசியங்களில் அந்த எண்ணின் முதல் பகுதி, அந்தப் படைப்பு அவர்கள் கைக்கு வந்த ஆண்டு. ஒரே தலைப்பில் ஏகப்பட்ட ஓவியங்கள் இருக்கும், 'ஒரு பெண்ணின் உருவப்படம்' என்று தேடினால் எதுவும் கிடைக்காது, பதிவு எண்ணைப் போட்டுத் தேடினால் நீங்கள் பார்த்த அதே படம் வந்து நிற்கும். எண்ணுக்குப் பக்கத்தில் உங்களுக்குப் பட்டதை ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் ஒரு மூலையையாவது வரைந்து பாருங்கள், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, ஒரு கையை வரைய முயன்றால் அந்தக் கையில் எந்த விரல் எங்கே மடிகிறது என்று தெரிந்துவிடும். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள், மையால் படங்களுக்கு ஆபத்து என்று பல இடங்களில் பென்சிலை மட்டும்தான் அனுமதிப்பார்கள்.